ஆற்றைச் சுத்தம் செய்ய வீடு கட்டிய ஊர்: சிங்கப்பூர் ஆறும் கூவமும்

கூவத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே கூடவே சிங்கப்பூர் ஆறும் வந்துவிடும். சாக்கடையாகக் கிடந்த ஆற்றை அவர்கள் பத்தே வருடத்தில் மீட்டுவிட்டார்களே, நம்மால் ஏன் முடியவில்லை என்று கேட்காதவர் குறைவு. பதிலும் தயாராக இருக்கும்: லீ குவான் யூ மாதிரி ஒரு தலைவர் வேண்டும், குப்பை போட்டால் அபராதம் போட வேண்டும், கரையில் இருக்கும் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்.

இந்தப் பதில் அந்த ஊரின் கதையைப் பாதிதான் சொல்கிறது. அங்கே ஆற்றுக்குள் இறங்கித் தூர் வாரியது கடைசிக்கட்ட வேலை. அதற்கு முன்னால் பல வருடங்கள் நடந்தவை வேறு: கரையில் குடியிருந்தவர்களுக்கு வீடு, கரையில் பிழைத்தவர்களுக்குப் பட்டறை, தெருவில் சமைத்து விற்றவர்களுக்குக் குழாய்த் தண்ணீரோடு கடை. ஆறு சுத்தமானது இவற்றின் விளைவு. இந்த வரிசையைக் கவனிக்காமல் சிங்கப்பூரை மேற்கோள் காட்டும்போது, அங்கே நடந்ததற்கு நேர் எதிரான ஒன்றை இங்கே செய்துவிட்டு அதன் பெயரைச் சொல்கிறோம்.

மூன்று கிலோமீட்டர் ஆறு

சிங்கப்பூர் ஆறு மிகச் சிறியது. நீளம் மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் 1819க்குப் பிறகு அந்தத் துறைமுகம் வளர்ந்ததே இந்த ஆற்றின் முகத்துவாரத்தை வைத்துத்தான். கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். அரிசியும் ரப்பரும் மசாலாப் பொருட்களும் அங்கிருந்து சரக்குப் படகுகளில் ஏறி, ஆற்றங்கரைக் கிடங்குகளுக்கு வரும். தொடக்கத்தில் இந்தப் படகுத் தொழிலில் முன்னே நின்றவர்கள் சோழ மண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள். பிற்பாடு அது சீனர்கள் கைக்குப் போனது. சூலியா தெரு இன்றும் அங்கே இருக்கிறது. பக்கத்திலேயே மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் கடன் கொடுக்கும் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. கரைக்கடைகளுக்கும் வணிகர்களுக்கும் கடன் போன வழி அது. நகர மறுகட்டமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் இல்லாமல் போயின.

1970களுக்கு வரும்போது ஆறு கறுத்திருந்தது. நீர் வடியும் நேரத்தில் கரையில் நிற்க முடியாது. காரணம் பெரிய ஆலைகள் அல்ல. சிங்கப்பூர் ஆற்றிலும், பக்கத்திலுள்ள காலாங் படுகையில் கலக்கும் ஆறுகளிலும் வந்து சேர்ந்தது ஆயிரக்கணக்கான சிறிய இடங்களின் கழிவு. கழிவுநீர்க் குழாய் இல்லாத கம்பத்து (அங்கே கிராமத்துக்குக் கம்பம் என்று பெயர்) வீடுகள், பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், படகு கட்டும் முற்றங்கள், கரி மண்டிகள், காய்கறி மொத்த வியாபாரம், தெருவோரச் சாப்பாட்டுக் கடைகள், வீட்டின் பின்கட்டில் நடந்த பட்டறைகள் என்று பட்டியல் நீளும்.

1977 பிப்ரவரி 27 அன்று அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் யூ பேசினார். பத்து வருடத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்பதுதான் சாரம். சுற்றுச்சூழல் அமைச்சு முன்னின்றது. அதனோடு வீடமைப்பு, தொழிற்பேட்டை, துறைமுகம், கால்நடை, பூங்கா, குடிநீர் என ஒவ்வொன்றையும் பார்க்கும் அமைப்புகள் ஒரே திட்டத்தில் கட்டப்பட்டன. வேலை 1987இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, மறுகுடியமர்த்தலுக்குக் கொடுத்த இழப்பீட்டைத் தவிர்த்து ஏறத்தாழ 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர், செலவாகியிருந்தது.

அந்தப் பத்து வருடத்தில் இடம் மாறியவர்களின் கணக்கு இது: சுமார் 26,000 குடும்பங்கள், 2,800 அளவில் சிறு தொழில்கள், ஏறத்தாழ 5,000 தெரு வியாபாரிகள், 610 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள், 800 சரக்குப் படகுகள். இதை ஆற்றுத் திட்டம் என்று சொல்வதைவிடக் குடியிருப்புத் திட்டம், தொழிலிடத் திட்டம் என்று சொல்வதுதான் பொருத்தம்.

பத்து வருடம் என்பது பாதிக் கணக்கு

லீ குவான் யூ கெடு வைத்தபோது அவர் கையில் ஏற்கெனவே ஒரு பெரிய கருவி இருந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. மறு வருடம் மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களை ஒரு வருடத்துக்குள் அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றியதில்தான் அந்தக் கழகத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது. 1964இல் வாடகை வீடுகளோடு சொந்த வீட்டுத் திட்டமும் வந்தது. 1968இல் மத்திய சேம நிதியிலிருந்தே வீட்டுக்குப் பணம் கட்டலாம் என்றார்கள். சம்பளத்தில் பிடித்த சேமிப்பே தவணையாகப் போகும், மாதக் கடைசியில் கையைக் கடிக்காது. 1977இல் அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீவக வீடுகளில் இருந்தார்கள்.

அதாவது, ஆற்றங்கரைக் குடும்பத்திடம் "கிளம்புங்கள்" என்று சொல்லும்போது, போவதற்கு வீடு இருந்தது. கட்டப்போகும் வீடல்ல, கட்டி முடித்து, பக்கத்தில் பள்ளியும் சந்தையும் பேருந்து நிலையமும் ஓடிக்கொண்டிருக்கிற நகரியம். ஆகவே ஆற்றின் கதையை 1977இல் தொடங்குவது தவறு. 1960இலிருந்து எண்ணினால் 27 வருடம்.

இந்த வீடுகளுக்கு நிலம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1966இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசுக்கு மிகப் பெரிய அதிகாரம் கொடுத்தது. 1973க்குப் பிறகு இழப்பீட்டை அந்த வருட நவம்பர் விலையோடு கட்டிப்போட்டார்கள். எடுக்கும் நாளில் நிலம் என்ன விலை போனாலும் சரி, பழைய விலை குறைவாக இருந்தால் அதுதான் கிடைக்கும். சந்தை விலையை முழுதாகக் கொடுக்கும் முறை 2007இல்தான் திரும்பியது. மலிவான வீட்டின் செலவில் ஒரு பகுதியை நில உரிமையாளர்கள் சுமந்தார்கள். அதே சமயம் ஆற்றங்கரை மேம்பட்டு நிலத்தின் மதிப்பு ஏறியபோது அந்த லாபத்தில் பெரும்பகுதி அரசின் கைக்கே வந்தது. ஒரு நகரம் தன் ஆற்றங்கரையை அழகுபடுத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது: விலை ஏறும்போது ஏறும் பணம் யாருக்குப் போகும்?

வாளிக்குப் பதில் குழாய்

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி தெரு வியாபாரிகளுடையது. நகரத் திட்டமிடல் எவ்வளவு சின்ன விஷயங்களில் போய் நிற்கிறது என்பது இங்கேதான் தெரிகிறது.

சாலையோரத்தில் ஒரு நூடுல்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு கரி அடுப்பு, ஒரு தள்ளுவண்டி, நாலு முக்காலி, இரண்டு வாளித் தண்ணீர். முதல் வாளியில் தட்டைக் கழுவி, இரண்டாம் வாளியில் அலசுவார்கள். பத்துத் தட்டுக்குப் பிறகு இரண்டு வாளியும் ஒரே நிறம். இரவு கடை கட்டும்போது மிஞ்சிய சாறு, எண்ணெய், எச்சில் எல்லாம் சாலையோரக் கால்வாயில் போகும். சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் கால்வாய் வேறு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், மழைநீர் நேரே ஆற்றுக்குப் போகும். சாலையோரக் கால்வாய் இரண்டாவது வகை. ஒரு கடையின் வாளி பெரிய விஷயமில்லை. ஆயிரக்கணக்கான கடைகளின் வாளிகள் தினமும் இரவில் கவிழ்ந்தால் ஆறு என்னவாகும்?

அபராதம் போட்டால் கடை அடுத்த சந்துக்கு நகரும், வாளி அங்கே கவிழும். அங்கே கண்ட வழி உணவங்காடி நிலையம். தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து உரிமம் கொடுக்கும் வேலை 1960களின் கடைசியில் நடந்தது. 1971 முதல் 1986 வரை தீவு முழுவதும் உணவங்காடிகள் கட்டப்பட்டன. மேலே கூரை. கடைக்குக் கடை குழாய், கழுவுதொட்டி, மின்சாரம். தரையில் ஓடும் தண்ணீர் கழிவுநீர்க் குழாயில் சேரும். குப்பைக்குத் தனி இடம். மேசை நாற்காலி எல்லாருக்கும் பொது. தட்டு கழுவும் தண்ணீர் இப்போது ஆற்றுக்குப் போகவே வழியில்லை. வாடகை குறைவாக வைக்கப்பட்டதால் சாப்பாட்டின் விலையும் ஏறவில்லை. 2020இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த அந்த உணவங்காடிப் பண்பாடு, தொடக்கத்தில் ஒரு சுகாதார ஏற்பாடு.

பகிர்ந்து பயன்படுத்தும் பணியிடம் என்றதும் இன்றைக்கு நமக்குக் கண்ணாடிச் சுவரும் மடிக்கணினியும் நினைவுக்கு வருகின்றன. கூரை, தண்ணீர், வடிகால், மின்சாரம், உட்காரும் இடம் ஆகியவற்றைப் பொதுவில் வைத்து, அடுப்பையும் கைப்பக்குவத்தையும் மட்டும் தனித்தனியாக வைத்த உணவங்காடியும் அதுதான். அதிகம் பேருக்குப் பிழைப்புக் கொடுத்ததும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

ஏழாம் மாடியில் பட்டறை

பின்கட்டுப் பட்டறைகளுக்கும் இதே யோசனைதான். தச்சு, அச்சகம், உலோகத் தகடு, தையல், உணவு பதப்படுத்துதல் என்று இரண்டு மூன்று பேர் செய்யும் தொழிலுக்குத் தனி நிலம் கொடுத்தால் ஒரு குட்டித் தீவு தாங்காது. அதனால் அடுக்குமாடித் தொழிற்கூடம். இதை ஏற்கெனவே 1960களிலேயே கட்டத் தொடங்கியிருந்தார்கள். 1968இல் தொடங்கிய ஜூரோங் தொழில் நகர அமைப்பான ஜேடிசியும், வீவகவும் இவற்றை நிறையக் கட்டின.

இந்தக் கட்டடங்கள் பார்வைக்கு ஒன்றும் அழகானவை அல்ல. நீளமான கான்கிரீட் பெட்டி. ஆனால் உள்ளே யோசனை இருக்கிறது. கீழே லாரி பின்வாங்கி நிற்கும் மேடை. அங்கிருந்து சரக்குத் தூக்கி, அதாவது ஒரு சிறிய வண்டியே ஏறக்கூடிய லிஃப்ட். மாடிகளில் இரண்டு தள்ளுவண்டிகள் எதிரெதிரே வந்தாலும் முட்டாத அகலத்தில் நடைவழி. இரண்டு பக்கமும் இரும்புக் கதவு போட்ட அறைகள். ஒன்றில் அச்சு இயந்திரம், அடுத்ததில் தையல், அதற்கடுத்ததில் மின்சாரச் சாமான் பழுது பார்ப்பவர். தரைத்தளத்தில் சாப்பாட்டுக் கடை. அச்சகத்துக்கு அட்டைப்பெட்டி வேண்டுமென்றால் இரண்டு மாடி இறங்கினால் போதும். சிறு தொழில்கள் ஒன்றையொன்று நம்பித்தான் ஓடும். அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதே ஒரு உதவி.

இவை எங்கே கட்டப்பட்டன என்பது இன்னும் முக்கியம். வீவக நகரியங்களின் ஓரத்திலேயே மாசு குறைந்த தொழிலுக்கு இடம் ஒதுக்கினார்கள். தோ பாயோவில் வீடுகளுக்கு அருகிலேயே பிலிப்ஸ் தொழிற்சாலை வந்தது. கம்பத்தில் இருந்தவரை வேலைக்குப் போகாத எத்தனையோ பெண்கள் இப்படி நடந்து போகும் தூரத்தில் கிடைத்த மின்னணுத் தொழிற்சாலை வேலையில்தான் முதல் சம்பளம் வாங்கினார்கள். வீட்டுத் தவணை கட்ட இரண்டாவது சம்பளம் தேவைப்பட்ட நேரம் அது. வீட்டையும் வேலையையும் ஒரே வரைபடத்தில் போட்டதால்தான் தவணை தவறவில்லை, மக்கள் பழைய கரைக்குத் திரும்பி வரவுமில்லை.

சரி, அதன் பிறகு ஆறு. 1983இல் சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு மாறின. படுகையில் பல வருடம் சேர்ந்த சேறும் குப்பையும் வாரப்பட்டன, கரைகள் கட்டப்பட்டன. 1987 ஜனவரியில் வீட்டுக்கு வீடு மலவாளி எடுக்கும் முறை நாட்டிலிருந்தே ஒழிந்தது. ஆறு சுத்தமானதாகக் கொண்டாடியதும் அதே வருடம்தான். மனிதர் மலத்தை மனிதர் சுமக்கும் வேலையை நிறுத்தாமல் ஆற்றைச் சுத்தம் செய்ய முடியாது என்பது நமக்கும் நன்றாகப் பொருந்தும்.

சுத்தமான பிறகு யாருடைய ஆறு?

இதுவரை சொன்னதை வைத்து எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படகுகள் போனதும் ஆற்றங்கரை அமைதியாகிவிட்டது. அமைதி என்றால் வெறிச்சோடல். தலைமுறைகளாக அதே கரையில் சரக்கு ஏற்றி இறக்கிய படகோட்டிகளில் வயதானவர்களுக்கு, பாசிர் பாஞ்சாங்கில் புதிதாகத் தொடங்குவது லேசாக இருந்திருக்காது. வீடு கிடைத்தது, ஆனால் அவர்கள் கையில் இருந்த தொழிலின் காலம் முடிந்துவிட்டது.

1989இல் ஆற்றங்கரையில் இருக்கும் போட் கீ, கிளார்க் கீ பகுதிகளின் பழைய கடைவீடுகள் பாதுகாக்கப்பட வேண்டியவை என்று அறிவிக்கப்பட்டன. போட் கீயில் கடைவீடுகள் தனியார் பலரிடம் இருந்ததால் அவரவர் புதுப்பித்தார்கள். கிளார்க் கீ மொத்தமாக ஒரே நிறுவனத்திடம் ஏலத்தில் போனது. முறை இரண்டு, முடிவு ஒன்று: மதுக்கூடம், உணவகம், சுற்றுலா. கட்டடத்தைக் காப்பாற்றினார்கள், அதில் நடந்த வாழ்க்கையைக் காப்பாற்றவில்லை. கூரை ஓடும் சன்னல் கதவும் அப்படியே இருக்கின்றன. அரிசி மூட்டையும் கணக்குப்பிள்ளையும் இல்லை. ஆற்றங்கரை மறுசீரமைப்பு என்ற பெயரில் உலகின் பல துறைமுக நகரங்களில் நடந்த அதே கதைதான் இங்கேயும். 80களில் உணவங்காடிக்கும் பட்டறைக்கும் அவ்வளவு யோசித்த நிர்வாகம், 90களில் கரையைச் சந்தையிடம் விட்டது. அந்தக் கரையில் நாலு உணவங்காடியும் ஒரு படகுப் பட்டறையும் வாடகைக்கட்டுப்பாட்டோடு இருந்திருக்கலாம். அரசிடம் பணமும் இருந்தது, நிலமும் இருந்தது.

பன்றி வளர்த்தவர்களின் கதை இன்னும் கடினம். நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட பண்ணைகள் பலவற்றுக்குத் தீவின் வடகிழக்கில் உள்ள பொங்கோலில் இடம் கொடுத்தார்கள். நவீன முறையில் வளர்க்கச் சொன்னார்கள். செலவு செய்து தொழுவம் கட்டினார்கள். 1984இல், பன்றி வளர்ப்பையே நாட்டில் நிறுத்தப்போகிறோம் என்று அரசு அறிவித்தது. 90களின் தொடக்கத்துக்குள் பண்ணைகள் இல்லை. ஒரே குடும்பம் இரண்டு முறை பிழைப்பை இழந்தது. இந்தப் பகுதியைச் சிங்கப்பூரின் வெற்றிக்கதையைச் சொல்கிறவர்கள் எப்போதும் விட்டுவிடுகிறார்கள்.

அதே பொங்கோல்தான் பிறகு நீர்முகக் குடியிருப்புக்கு எடுத்துக்காட்டானது. 1996இல் அறிவிக்கப்பட்ட நகரியத் திட்டம், 2011இல் திறந்த 4.2 கிலோமீட்டர் செயற்கை நீர்வழி, அதன் இரு கரையிலும் வீவக வீடுகள். தண்ணீரைப் பார்த்த வீடு என்றால் மற்ற ஊர்களில் பணக்காரர்களுக்கு. இங்கே அரசு கட்டிய வீட்டில் பள்ளி ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் தண்ணீரைப் பார்த்துக் குடியிருக்கிறார்கள். அதன் பக்கத்திலேயே ஜேடிசி 50 ஹெக்டேரில் ஒரு எண்ணிம (டிஜிட்டல்) தொழில் வட்டாரத்தையும், அதற்குள் பல்கலைக்கழக வளாகத்தையும் அமைத்திருக்கிறது. போட் கீயில் செய்யாததைப் பொங்கோலில் செய்தார்கள்.

ஆற்றுநீருக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரத்தை அடைத்து நன்னீர் ஏரியாக்கலாம் என்ற யோசனையை லீ குவான் யூ 1987இலேயே வெளியில் சொன்னார். 2008இல் 350 மீட்டர் அகல மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. 10,000 ஹெக்டேர் நிலத்தில், அதாவது தீவின் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை அங்கே சேர்கிறது. பன்றிக் கழிவு ஓடிய காலாங்கும், நூடுல்ஸ் வாளி கவிழ்ந்த சிங்கப்பூர் ஆறும் இப்போது குடிநீருக்குப் போகின்றன. பீஷானில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் புல்கரை ஆறாக 2012இல் மாற்றினார்கள். நீர்நாய்கள் குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டன.

இடிக்கவிருந்த 71ஆம் புளோக்

தொழிற்கூடங்களுக்கு ஒரு இரண்டாம் வாழ்க்கையும் கிடைத்தது. ஆயர் ராஜா கிரசெண்டில் பழைய அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்று, 71ஆம் புளோக், இடிக்கப்பட வேண்டிய பட்டியலில் இருந்தது. 2011இல் அதை இடிக்காமல், புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்குக் குறைந்த வாடகையில் விட்டார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அரசு அமைப்புகளும் தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல்லும் கை கோத்தன. கூட்டம் தாங்காமல் பக்கத்து புளோக்குகளும் சேர்ந்து, அந்த வட்டாரமே லாஞ்ச்பேட் என்ற பெயரில் புதுத் தொழில்களின் மையமானது.

அங்கே சரக்குத் தூக்கி இன்னும் இருக்கிறது, அகல நடைவழியும் இருக்கிறது. இயந்திரத்துக்காகப் போட்ட உறுதியான தரையும் உயரக் கூரையும் எதற்கும் வளைந்து கொடுக்கின்றன. புத்தம்புதுக் கண்ணாடிக் கோபுரம் கட்டியிருந்தால் அந்த வாடகையை முதல் வருடத் தொழில் எதுவும் கட்டியிருக்காது. புதுத் தொழிலுக்குத் தேவை பழைய கட்டடம், அதையும் அவசரப்படாத வீட்டுக்காரர் ஒருவர் வைத்திருக்க வேண்டும். இங்கே அந்த வீட்டுக்காரர் அரசு.

இதற்கு மறுமுனையும் உண்டு. ஆற்றின் வாயில், காலியர் கீயில், பெரிய வங்கி ஒன்று காலி செய்த கோபுரம் முழுவதையும் வீவொர்க் வாடகைக்கு எடுத்தது. அங்கேயும் பகிர்ந்து பயன்படுத்தும் பணியிடம்தான். ஆனால் அங்கே மேசை பிடிக்கிறவர் வேறு, 71ஆம் புளோக்கில் மேசை பிடிக்கிறவர் வேறு. நகராட்சிகள் "பகிர்வுப் பணியிடம் அமைப்போம்" என்று அறிவிக்கும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கின்றன என்பதை நாம் கேட்டே ஆக வேண்டும்.

சென்னைக்கு வருவோம்

சென்னை ஒரு காலத்தில் சரியான வழியில்தான் போனது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், முதல் வருடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டியது. கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் இன்றும் நிற்கும் பழைய வாரியக் குடியிருப்புகள் அந்தக் காலத்தவை. வீடு சின்னது, பராமரிப்பு மோசம், எல்லாம் உண்மை. ஆனால் மீன்காரருக்குக் கடல் பக்கத்திலேயே இருந்தது.

2000 வாக்கில் திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் வீடுகள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேல். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். 2015க்குப் பிறகு வேகமெடுத்த கூவம் மறுசீரமைப்புத் திட்டத்தில் இடம் மாற்ற வேண்டியவை என்று அடையாளம் காணப்பட்ட குடும்பங்கள் 14,257. தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களை 2019 கடைசியில், பள்ளி ஆண்டின் நடுவே, சாமான் செட்டோடு வண்டியில் ஏற்றிப் பெரும்பாக்கம் அனுப்பினார்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல்.

அந்தக் குடும்பங்கள் என்ன வேலை செய்தன? சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டுவது, சென்ட்ரலிலும் பாரிமுனையிலும் மூட்டை தூக்குவது, எழும்பூர் பக்கம் வீட்டு வேலை, பழைய பேப்பர், பூக்கட்டுவது. மீன் மார்க்கெட் வேலை விடிவதற்கு முன் தொடங்கும். அந்த நேரத்தில் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து எப்படி வந்து சேர்வது? 2021இல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரிய ஆறுதல். அது காசை மிச்சப்படுத்தியது, நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. வேலை போனவர்கள் பலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்குக் குடியேறினார்கள். அப்படித் திரும்பி வருவதைப் பேராசை என்று பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பிழைப்பு இருக்கும் இடத்துக்கு மனிதர் வருவார். அதைக் குற்றமாகப் பார்க்கும் திட்டம்தான் குறையுள்ளது.

சிங்கப்பூரோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு இங்கேதான். அங்கே 26,000 குடும்பங்களை மாற்றிய அதே திட்டத்துக்குள் 2,800 தொழில்களுக்கும் 5,000 தெரு வியாபாரிகளுக்கும் கணக்கு இருந்தது. இங்கே கூவம் திட்டத்தின் கணக்கு குடும்ப எண்ணிக்கையோடு நின்றது. மீன் வெட்டும் பலகைக்கும் இட்லி அடுப்புக்கும் தையல் இயந்திரத்துக்கும் அதில் வரி இல்லை.

சிங்கப்பூரில் நிலம் அரசிடம், அதிகாரம் ஓரிடத்தில், எதிர்க்குரலுக்கு இடம் குறைவு. அந்த முறை நமக்கு வேண்டாம், நான் கேட்கவும் இல்லை. எடுக்க வேண்டியது வரிசையை. அதற்கான துண்டுகள் இங்கேயே தனித்தனியாகக் கிடக்கின்றன. கிண்டித் தொழிற்பேட்டை 1958இலிருந்து இருக்கிறது. மாநிலச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ இப்போது கிண்டியிலும் அம்பத்தூரிலும் அடுக்குமாடித் தொழிற்கூடம் என்ற யோசனையைக் கையில் எடுத்திருக்கிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று 2021இல் பெயர் மாறிய பழைய குடிசை மாற்று வாரியம், இடிந்துபோன தன் குடியிருப்புகளை அதே இடத்தில் திரும்பக் கட்டிக்கொண்டும் இருக்கிறது. மெரினா லூப் சாலையில் நொச்சிக்குப்பம் மீனவப் பெண்களுக்குத் தண்ணீரும் வடிகாலும் உள்ள நவீன மீன் அங்காடி 2024இல் திறந்தது. வியாபாரிக்குப் பழகிய இடத்துக்குப் பக்கத்திலேயே குழாயைக் கொண்டுபோன முயற்சி அது. இடமும் வசதியும் போதுமா என்று மீனவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அதைச் சரிசெய்து, கூவம் கரைக்கும் கொண்டுபோக வேண்டும்.

சிட்கோவும் வாழ்விட வாரியமும் ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளையும் மாநகராட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தில் வேலை செய்வது நடக்கக்கூடியதே. சிந்தாதிரிப்பேட்டையிலும் புதுப்பேட்டையிலும் வாரியத்திடமும் மற்ற அரசுத் துறைகளிடமும் உள்ள நிலத்தில் கீழ்த்தளம் அங்காடி, இரண்டு தளம் பட்டறை, மேலே வீடு என்று கட்டினால், புதுப்பேட்டை வாகன உதிரிபாகக் கடைகளின் எண்ணெய்க் கழிவுக்கும் சேர்த்து ஒரு வழி பிறக்கும். இப்போது அது மழைநீர்க் கால்வாய் வழியே எங்கே போகிறது என்பது அந்தப் பக்கம் நடந்து போகிற எல்லாருக்கும் தெரியும். அடுத்த கூவம் அறிக்கை வரும்போது அதில் நான் முதலில் தேடப்போவது தூர் வாரும் கனமீட்டர் கணக்கை அல்ல, எத்தனை பேருக்குப் பணியிடம், எந்த வருடத்தில், வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் என்ற அட்டவணையை.